யார் எழுதிய வரி, யார் வாழ்ந்த தெரு

சென்ற சனிக்கிழமை மாலை என் பெரம்பூர் வீட்டு மாடியறையில் நீங்கள் போட்ட சண்டையைக் கேட்டுக் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்துவிட்டார். டிரேக் ராப்பரே கிடையாது என்றான் ஒரு தம்பி. ‘இல்மாட்டிக்’ ஆல்பத்தைப் பழைய ஆட்கள் சேர்ந்து சாமியாக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றாள் ஒரு தங்கச்சி. இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. டீ ஆறிப்போனது. அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மூச்சில் கேட்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கடைசியில் சொன்னேன். ஏழு பேரில் இரண்டு கைதான் எழுந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. எங்கோ நியூயார்க்கில் பிறந்த ஓர் இசைக்காக இங்கே உட்கார்ந்து இவ்வளவு சூடாகப் பேசுகிறீர்களே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஆசையை நம்பி மட்டும் வாதம் செய்ய முடியாது. 30 ஆண்டுக்கு மேலாக ராப் கேட்டு, இதற்காகவே நண்பர்களோடு பேச்சு முறிந்து, தப்பாகப் பேசி, பிறகு திருத்திக்கொண்டவன் நான். சிலதைச் சொல்லிவைக்கிறேன்.

1. முழுசாகக் கேட்ட பிறகு பேசுங்கள்.

1995-ல் நியூ ஜெர்சியில் இருந்த என் பெரியப்பா மகன் ஒரு டிடிகே 60 கேசட்டில் ‘இல்மாட்டிக்’கைப் பதிந்து அனுப்பினான். அசல் கேசட்டின் இரண்டு பக்கங்களுக்கும் ‘ஏ’, ‘பி’ என்று பெயர் கிடையாது. ஒன்று ‘40 வடக்கு’, மற்றது ‘41 தெற்கு’ என்கிற மாதிரி இருக்கும். அண்ணன் அதையும் விடாமல் நீல பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தான். அந்த எண்கள், ஆல்பத்தைப் பாடிய நாஸ் வளர்ந்த குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்புத் தெருக்களின் எண்கள். 3,000-க்கு மேல் வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு அது. நம் ஊர் ஹவுசிங் போர்டு கட்டடங்களை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 96 கட்டடம். கேசட்டைத் திருப்பிப் போடும்போது தெருவைக் கடந்து அடுத்த பக்கம் போகிறோம் என்பதுதான் அந்தப் பெயர்களின் கணக்கு. இன்று போனில் கேட்கிற உங்களுக்கு அந்தத் தெருவைக் கடக்கும் வேலையே இல்லாமல் போய்விட்டது.

முழு ஆல்பமும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ரயில் சத்தத்தோடு தொடங்கும். மூன்றாவது பாட்டின் முடிவில் ஒரு கார்னெட் மெல்ல உள்ளே வரும். வாசிப்பது நாஸின் அப்பா, ஜாஸ் கலைஞர் ஓலு டாரா. ஆறாவது பாட்டு பழைய நினைவுகள். ஏழாவது, சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதம். வெளியே யாருக்கு என்ன ஆனது, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊர்ச்சேதி எழுதுவது போலவே போகும். பின்னால் கட்டைவிரலால் மீட்டும் ஆப்பிரிக்கப் பியானோவின் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ஹீத் பிரதர்ஸ் என்ற ஜாஸ் குழுவின் பழைய தட்டிலிருந்து, பீட் செய்த க்யூ-டிப் எடுத்துப் போட்டது அது. மூன்றாவது வெர்ஸில் கடிதம் நின்றுவிடுகிறது. பெஞ்சில் உட்கார்ந்து 12 வயதுப் பையனோடு பேசிக்கொண்டிருக்கிறார் நாஸ். ஆல்பம் வந்தபோது அவருக்கே 20 வயதுதான். உள்ளே போய்விட்டவர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அடுத்து உள்ளே போகக்கூடிய ஒரு பொடியனுக்குப் புத்தி சொல்லத் தொடங்குகிறார். நினைவு, கடிதம், அந்தப் பையன் என்று வரிசையாகக் கேட்டு வந்தவருக்குத்தான் அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கும். தனிப் பாட்டாகப் பொறுக்கிக் கேட்டால் அது நல்ல பீட் உள்ள ஒரு பாட்டு, அவ்வளவே.

2. ‘ரியல்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்.

‘அவன் ரியல் இல்லை’ என்று சொல்லும்போது நாலு வேறு குற்றச்சாட்டை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறீர்கள். பாடியதை அவன் வாழவில்லை என்கிறீர்களா? அவன் எழுதவில்லை என்கிறீர்களா? அவன் அந்த மண்ணைச் சேர்ந்தவன் இல்லை என்கிறீர்களா? குரல் பொய்யாக ஒலிக்கிறது என்கிறீர்களா? எது என்று சொல்லாமல் பேசினால் சண்டை விடிய விடிய நடக்கும், ஓர் அங்குலம் நகராது.

வாழ்ந்ததை மட்டும் அளவாக வைத்தால் பாதிப் பேர் தேற மாட்டார்கள். நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் அம்மா வொலெட்டா வாலஸ் ஜமைக்காவிலிருந்து வந்த ஆசிரியை. மகன் பாட்டில் வருகிற அந்த அளவு வறுமை எங்கள் வீட்டில் இருந்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். டூபாக் பால்ட்டிமோர் கலைப் பள்ளியில் நாடகமும் பாலே நடனமும் படித்தவர். காம்ப்டன் தெருவின் கோபத்தையெல்லாம் எழுதிய ஐஸ் க்யூப், இடையில் அரிசோனா போய்க் கட்டட வரைபடம் வரையும் படிப்பை முடித்து வந்தவர். இதனால் இவர்கள் பொய்யர்களா?

நம் சங்கப் பாட்டில் தலைவி கூற்று என்று ஒன்று உண்டு. பிரிந்துபோன தலைவனை நினைத்துத் தலைவி பேசுவாள், எழுதியவர் ஆண் புலவராக இருப்பார். அவரைப் பொய்யர் என்று யாரும் சொன்னதில்லை. ராப்பிலும் கூற்று உண்டு. ‘நான்’ என்று வருகிற இடமெல்லாம் பாடுகிறவனின் சொந்தக் கதையாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் பசியை ‘நான்’ என்று பாட அந்தத் தெருவில் வளர்ந்தவனுக்கு உரிமை உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சங்கப் பாட்டில் தலைவிக்குப் பெயர் கிடையாது. ராப்பர் தன் பெயரையும் தெருவையும் சொல்லி, இது நான் என்று கையெழுத்துப் போடுகிறார். கையெழுத்துப் போட்ட இடத்தில் கேள்வி வரத்தான் செய்யும். ரிக் ராஸ் என்று ஒரு ராப்பர் வைத்துக்கொண்ட பெயரே போதைப்பொருள் கடத்தி ஜெயிலுக்குப் போன ஒரு நிஜ மனிதரின் பெயர். பாட்டு முழுக்கக் கடத்தல் சாம்ராஜ்யம். 2008-ல், இவர் முன்பு ஃபுளோரிடாவில் சிறைக் காவலராக வேலை பார்த்தவர் என்பதற்கு ஆவணம் வெளியானது. முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். இரண்டு வருடத்தில் அவர் போட்ட ‘டெஃப்லான் டான்’ ஆல்பத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். இதில் என் தீர்ப்பு இதுதான்: மாதச் சம்பளத்துக்குக் காவலர் வேலை பார்த்ததில் ஒரு கேவலமும் இல்லை. அந்த வேலையைக் கேவலம் என்று நினைத்து மறைத்ததுதான் அவர் பாட்டில் எனக்கு இன்றும் உறுத்துகிறது. குரலும் பீட்டும் அபாரம், அதை மறுக்க மாட்டேன்.

3. யார் எழுதியது என்று முதலில் கேளுங்கள்.

வாழ்ந்தானா என்பதைவிட எனக்கு இது பெரிய கேள்வி. ஹிப் ஹாப்பில் பெரும் பொய்கள் வாழ்க்கைக் கதையில் நடந்ததைவிட அதிகமாகப் பெயர்ப் பட்டியலில்தான் நடந்திருக்கின்றன.

1979-ல் வந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டாப் 40-க்குள் நுழைந்த முதல் ராப் பாட்டு. ஷுகர் ஹில் என்ற கம்பெனி நடத்திய சில்வியா ராபின்சன், நியூ ஜெர்சியில் ஒரு பீட்சா கடையில் வேலை பார்த்துக்கொண்டே ராப் பாடிய ஹாங்க் என்பவரைப் பிடித்து, அந்தப் பாட்டைப் பாடிய குழுவில் சேர்த்தார். ஹாங்க் எழுதுகிறவர் இல்லை. பிராங்க்ஸில் அப்போதே பேர் வாங்கியிருந்த கிராண்ட்மாஸ்டர் காஸுக்கு வேண்டப்பட்டவர். காஸிடம் போய்ப் பாட்டு நோட்டை வாங்கிவந்தார். பதிவு செய்யும்போது காஸ் தன் பழைய மேடைப்பெயரை ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்து எழுதியிருந்த இடத்தைக்கூட மாற்றவில்லை. இன்று போட்டுக் கேளுங்கள், ஹாங்க் தன் வாயாலேயே இன்னொருவன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வது அப்படியே இருக்கிறது. தட்டு உலகம் முழுக்க விற்றது. காஸுக்குப் பணமும் வரவில்லை, பெயரும் வரவில்லை. பின்னணியில் ஓடும் இசை ஷிக் குழுவினுடையது. அதன் தலைவர்கள் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்கு என்று நின்றதும் அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டது. வழக்குப் போட வசதி இருந்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது, நோட்டு கொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை.

அதே கம்பெனியிலிருந்து 1982-ல் வந்தது ‘தி மெசேஜ்’. தட்டின் மேல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் பெயர். ராப் செய்தவர்களோ மெல்லி மெல்லும், கம்பெனியின் வாத்தியக்காரரான டியூக் பூட்டியும். எழுத்தில் பெரும்பங்கு பூட்டியுடையது. சேரி வாழ்க்கையின் சத்தியத்தைச் சொன்ன முதல் ராப் என்று நாம் கும்பிடும் பாட்டின் மூலக் கையை எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது டிரேக்குக்கு வருகிறேன் தம்பி. 2015 ஜூலையில், இவர் பாட்டை வேறு ஆள் எழுதிக் கொடுக்கிறார் என்று மீக் மில் என்ற ராப்பர் குற்றம் சாட்டினார். குவென்டின் மில்லர் என்பவர் பாடிய மாதிரிப் பதிவுகள் ரேடியோவில் ஒலித்தன. டிரேக் ‘பேக் டு பேக்’ என்று பதில் பாட்டுப் போட்டார், ஊர் அவரை ஜெயிக்க வைத்தது. அதனால் கேள்வி அழிந்துவிடவில்லை. ஈஸி-ஈ என்ற ராப்பர் தன் வரிகளை ஐஸ் க்யூபும் டி.ஓ.சி.யும் எழுதியதை மறைக்கவில்லை, ஆல்பத்திலேயே பெயர் இருந்தது. அவரிடம் நான் எழுத்தைக் கேட்க மாட்டேன், குரலைக் கேட்பேன். எழுத்தில் நான்தான் முதல்வன் என்று மார்தட்டுகிறவரிடம் எழுத்தைத்தான் கேட்பேன். எதற்கு உரிமை கொண்டாடுகிறாரோ அதற்குத்தான் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் டிரேக்குக்குக் கடன் பாக்கி இருக்கிறது. ஆனால் அவர் ராப்பரே இல்லை என்று நீ சொன்னது அந்தக் கடனைவிடப் பல மடங்கு பெரிய தண்டனை.

4. தோலின் நிறத்தைப் பேசும்போது வரலாற்றோடு பேசுங்கள்.

ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று சொல்லப்படும் 1973 ஆகஸ்ட் 11 அன்று, பிராங்க்ஸின் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறப்பதற்கு முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு பார்ட்டி வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50. தட்டுப் போட்டவர் அவள் அண்ணன் கூல் ஹெர்க், ஜமைக்காவில் பிறந்தவர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, ஆடுகிறவர்களுக்குப் பிடித்த தாளத் துண்டை நீட்டிக்கொண்டே போவது அவர் வழி. பக்கத்தில் புவேர்ட்டோ ரிக்கோக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஆடினார்கள். இதைச் சொல்லி, ஹிப் ஹாப் எல்லோருக்கும் பொது என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. முடிக்காதீர்கள். கிராஸ் பிராங்க்ஸ் நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புகளை இடித்து, மிச்சக் கட்டடங்களைச் சொந்தக்காரர்களே காப்பீட்டுப் பணத்துக்குக் கொளுத்தியபோது அங்கே மாட்டிக்கொண்டவர்கள் கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும்தான். அந்தச் சாம்பலில் முளைத்தது இது. பந்தி எல்லோருக்கும் உண்டு, ஆனால் வீடு யாருடையது என்பது உட்காருகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வனில்லா ஐஸ், எமினெம் இரண்டு பேருமே வெள்ளை ராப்பர்கள். 1990-ல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் பாட்டு வனில்லா ஐஸுடையது. அந்தப் பாட்டின் பேஸ் இசை க்வீன் குழுவும் டேவிட் போவியும் சேர்ந்து செய்தது, முதலில் அவர்கள் பெயர் போடவில்லை. மயாமி தெருவில் முரட்டுத்தனமாக வளர்ந்தவர் என்று கம்பெனி சொன்ன கதை டல்லஸ் பத்திரிகையில் கிழிந்தது. எமினெம் டெட்ராய்ட்டில் கறுப்பினப் பையன்கள் நடுவே ராப் போட்டி போட்டியாகத் தோற்று, ஜெயித்து வந்தவர். 1996-ல் போட்ட முதல் ஆல்பம் விலைபோகவில்லை. பெரிய ஆளான பின், என் தோல் நிறத்தால்தான் இவ்வளவு விற்கிறது என்று தன் பாட்டிலேயே ஒப்புக்கொண்டார். யாரிடம் கற்றார் என்பதை டாக்டர் டிரே பெயர் தொடங்கி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நிறம் ஒன்றுதான், கடனை ஒப்புக்கொண்ட விதம் வேறு.

5. அந்தச் சொல்லை நாம் பாட வேண்டாம்.

கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல் எது என்று உங்களுக்குத் தெரியும். பாட்டில் வருகிறதே, கூடவே பாடினால் என்ன என்று கேட்காதீர்கள். 2018-ல் அலபாமாவில் ஒரு விழா மேடைக்குக் கெண்ட்ரிக் லமார் ஒரு வெள்ளை ரசிகையை அழைத்துப் பாடச் சொன்னார். அவள் அந்தச் சொல்லையும் சேர்த்துப் பாடியதும் இசையை நிறுத்தினார். அந்த இடம் வரும்போது வாயை மூடிக்கொண்டால் பாட்டு ஒன்றும் கெட்டுவிடாது.

6. பெண்களை எண்ணிக்கையில் சேருங்கள்.

இது நான் செய்த தவறிலிருந்து சொல்வது. ‘தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்’ 1998-ல் வந்தது. அப்போது நண்பர்கள் நடத்திய ஒரு சிறுபத்திரிகையில், இது நல்ல சோல் இசை, ராப் கணக்கில் வராது என்று எழுதினேன். எங்கள் வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவி அதை மறுத்துப் பேசினாள். ஒவ்வொரு பாட்டிலும் ராப் எங்கே தொடங்குகிறது, எங்கே பாட்டாக மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று குறிப்பெழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான் அந்தக் காகிதத்தைப் படிக்கக்கூட இல்லை. ‘உனக்குப் பாட்டுப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்’ என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அவள் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அதன்பின் வரவில்லை. ஐந்தாறு வருடம் கழித்து அந்த ஆல்பத்தை ஓர் இரவு முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் சொன்னதுதான் சரி. ராப்பில் சொல்ல முடியாததைப் பாட்டிலும், பாட்டில் சொல்ல முடியாததை ராப்பிலும் லாரின் சொல்கிறார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. உங்களில் யாராவது குறிப்பெழுதிக்கொண்டு வந்தால் நான் முதலில் அதை வாங்கிப் படிப்பது அதனால்தான்.

நம் கதையில் வருகிற பெண்களையே எண்ணிப் பாருங்கள். முதல் பார்ட்டியை வைத்தவர் சிண்டி. முதல் பெரிய தட்டைப் போட்டவர் சில்வியா. நாஸுக்குப் பத்து வருடம் முன்பே குயின்ஸ்பிரிட்ஜை உலகுக்குச் சொன்னவர்களில் ராக்ஸான் ஷாண்டே ஒருவர், 1984-ல் 14 வயதுச் சிறுமி. 1981-ல் அமெரிக்கா முழுக்கத் தெரியும் தொலைக்காட்சி மேடை ஏறிய ஃபங்கி 4+1 குழுவில் அந்த ‘ஒன்று’ ஷா-ராக் என்ற பெண். ‘தி சோர்ஸ்’ பத்திரிகையில் ‘இல்மாட்டிக்’குக்கு முழு மதிப்பெண்ணான ஐந்து மைக் கொடுத்து விமர்சனம் எழுதியதும் ஒரு பெண்தான், மின்யா ஓ.

லாரினை இப்படிப் போற்றிவிட்டு மற்றதை மறைக்க மாட்டேன். ஆல்பத்தில் வேலை செய்த நியூ ஆர்க் என்ற நால்வர் குழு, எங்களுக்கு எழுத்திலும் இசையிலும் உரிய பெயர் தரவில்லை என்று வழக்குப் போட்டது. 2001-ல் சமரசமானது. உச்சியில் இருக்கும் ஆல்பத்திடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

7. ‘கிளாசிக்’ என்று உடனே சொல்லாதீர்கள்.

1988-ல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர் செய்திமடலாகத் தொடங்கிய ‘தி சோர்ஸ்’, பிறகு பெரிய பத்திரிகையானது. அது கொடுக்கும் ஐந்து மைக்தான் அன்று கிளாசிக் முத்திரை. அந்த முத்திரை எப்படி வேலை செய்தது பாருங்கள். 1994-ல் ‘இல்மாட்டிக்’குக்கு ஐந்து. டாக்டர் டிரேயின் ‘தி க்ரானிக்’குக்கு நாலரை. நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ‘ரெடி டு டை’க்கும் நாலரை. ஜே-ஸியின் ‘ரீசனபிள் டவுட்’டுக்கு நாலு. ‘க்ரானிக்’ வந்த பிறகு மேற்குக் கரையின் ஒலியே மாறிப்போனது, பத்து வருடம் எல்லோரும் அந்த நிழலில்தான் நடந்தார்கள். அரை மைக் குறைந்ததால் அதற்கு என்ன குறைந்துபோனது?

எதிர்ப்பக்கமும் உண்டு. பீஸ்டி பாய்ஸின் முதல் ஆல்பம், அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பம். 1989-ல் வந்த அவர்களின் இரண்டாவது, ‘பால்ஸ் புட்டீக்’, கடையில் தேங்கியது. இன்று அந்த இரண்டாவதைத்தான் கலைஞர்கள் பாடப் புத்தகம் போலப் பிரித்துப் படிக்கிறார்கள். ‘இல்மாட்டிக்’கே வந்த புதிதில் பட்டியலில் 12-ஆம் இடம்தான் பிடித்தது. பத்து லட்சம் பிரதி என்ற கணக்குக்கு அது வந்து சேர 2001 ஆனது.

என் அளவு ஒன்றுதான், அதற்கும் காலம் வேண்டும். அந்த ஆல்பத்துக்குப் பின் வந்தவர்கள் அதற்குக் கடன்பட்டார்களா? அவுட்காஸ்டைச் சொல்கிறேன். 1995-ல் நியூயார்க்கில் நடந்த ‘சோர்ஸ்’ விருது விழாவில் அட்லாண்டாவின் இந்த இரண்டு பையன்கள் புதுக் குழு விருதை வாங்க மேடை ஏறியபோது கூட்டம் கூச்சல் போட்டது. தெற்கத்திக்காரர்களுக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது என்று அவர்களில் ஒருவரான ஆண்ட்ரே அங்கேயே சொல்லிவிட்டு இறங்கினார். மூன்று வருடத்தில் ‘அக்வெமினை’ வந்தது, அதே பத்திரிகை ஐந்து மைக் கொடுத்தது. ஆனால் என் கணக்கில் அது கிளாசிக் ஆனது மைக் வந்த அன்று இல்லை. தெற்கத்திப் பேச்சுவழக்கை மறைத்து நியூயார்க் நாக்கில் பாட வேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஒரு தலைமுறை அங்கே எழுந்து வந்தபோது ஆனது.

தங்கச்சி, நீ கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. ‘இல்மாட்டிக்’கைச் சாமியாக்கியதில் அடிபட்டவர் நாஸ்தான். 1996-ல் அவர் போட்ட ‘இட் வாஸ் ரிட்டன்’ முதலிடம் பிடித்தும், பழைய தெருவை விற்றுவிட்டான் என்று ஏசினார்கள். துப்பாக்கியே பேசுவது போல அதில் ஒரு பாட்டு உண்டு. கூற்று என்று சொன்னேனே, அதற்கு அதைவிட நல்ல உதாரணம் நான் கேட்டதில்லை. முதல் ஆல்பத்தின் புகழ் அதை வருடக்கணக்கில் மறைத்துவிட்டது.

8. விற்ற எண்ணிக்கையைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

எம்.சி. ஹேமரின் 1990 ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. இன்று அதை வைத்து யார் சண்டை போடுகிறார்கள்? வேறென்ன சொல்ல.

9. சாம்பிளை, அதாவது பழைய தட்டிலிருந்து எடுத்த துண்டை, திருட்டு என்றோ இலவசம் என்றோ எளிதாகச் சொல்லாதீர்கள்.

டி லா சோலின் ‘3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ 1989-ல் வந்தது. லாங் ஐலண்டின் அமைதியான புறநகரில் வளர்ந்த மூன்று பிள்ளைகளும், பீட் செய்த பிரின்ஸ் பாலும், வீட்டுப் பரணில் கிடந்த பழைய தட்டுகளையெல்லாம் இறக்கிக் கட்டிய ஆல்பம். துப்பாக்கி கிடையாது, பூப்போட்ட அட்டை. இதெல்லாம் ரியலா என்று அன்றும் கேட்டார்கள். அதில் ஒரு துண்டுக்காக டர்ட்டில்ஸ் குழுவினர் வழக்குப் போட்டார்கள். 1991-ல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மேல் போட்ட சாம்பிள் வழக்கில் நீதிபதி, களவு செய்யாதே என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, பணம். அந்த மாதிரி ஆல்பத்தை இனிமேல் யாராலும் கட்ட முடியாது என்றாகிவிட்டது.

டி லா சோலின் பழைய ஆல்பங்கள் உரிமைச் சிக்கலில் மாட்டி, ஸ்ட்ரீமிங்கில் வரவே இல்லை. உங்கள் வயதுப் பிள்ளைகள் ஒரு தலைமுறையே அதைக் கேட்காமல் வளர்ந்தது. கேட்க வழியே இல்லாத ஆல்பத்தை யார் கிளாசிக் என்பார்கள்? 2023 மார்ச் 3 அன்று எல்லாம் வெளியானது. குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகோர் அதற்கு மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 12 அன்று இறந்துவிட்டார். நான் மார்ச் 3 காலையில் அதைப் போட்டேன். கேட்டு முடிக்க முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டு மாலையில்தான் மிச்சத்தைக் கேட்டேன்.

சாம்பிள் எடுத்தவர்களிடம் பெயரும் பங்கும் கேட்டது நியாயம். காஸுக்காக நான் பேசும்போது பழைய வாத்தியக்காரர்களுக்காகவும் பேசியாக வேண்டும். ஆனால் கடனைக் கேட்பது வேறு, வீட்டையே பூட்டுவது வேறு.

10. நம்மவர் என்பதற்காக மதிப்பெண் போடாதீர்கள்.

மாயா என்கிற மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ., லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் நம் சென்னையிலும் வளர்ந்து, அகதியாக லண்டன் திரும்பியவர். அப்பாவின் இயக்கப் பெயரை 2005-ல் முதல் ஆல்பத்துக்கு வைத்தார், அம்மா பெயரான ‘கலா’வை 2007-ல் இரண்டாவதுக்கு. லண்டனில் பேர்பெற்ற கலைக் கல்லூரியில் படித்தவளுக்கு அகதி வேஷம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. டூபாக்கிடம் கேட்ட அதே கேள்வி. அகதியாக வந்த பெண் கலைக் கல்லூரிக்குப் போகக் கூடாதா? இந்தக் கேள்விக்குக் கோபப்படுங்கள், சரி. ஆனால் தமிழ்ப் பெண் என்பதால் மட்டும் ‘கலா’ கிளாசிக் என்று வாதாடாதீர்கள். ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டிலிருந்து அவர் குரல் துண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் டி.ஐ., ஜே-ஸி, கான்யே, லில் வெய்ன் நாலு பேரும் பாடினார்கள். அந்தப் பாட்டுக்கே அடித்தளம் தி கிளாஷ் என்ற ஆங்கிலேயக் குழுவின் இசை. கடன் வாங்கியும் கொடுத்தும் நிற்கிற ஆள் அவர். வாதாடுவதற்கு அது போதும்.

11. எதிராளிக்குப் பிடித்த ஆல்பத்தை அவர் முன்னால் உட்கார்ந்து ஒருமுறை கேட்ட பிறகு பதில் சொல்லுங்கள். கேட்கும்போது அவர் முகத்தையும் பாருங்கள்.

12. பெயர்களை எழுதிவையுங்கள்.

அண்ணன் அனுப்பிய கேசட்டின் உள்அட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் நேராக பீட் செய்தவர் பெயரைக் குட்டி எழுத்தில் எழுதியிருந்தான். டி.ஜே. பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொஃபசர், எல்.இ.எஸ்., க்யூ-டிப். இரண்டு இடத்தில் பெயர் மாறியிருந்தது. பல வருடம் கழித்து அசல் அட்டையைப் பார்த்தபோது பென்சிலில் திருத்தினேன். நீல மை மங்கிவிட்டது, பென்சில் அப்படியே இருக்கிறது. போனில் பாட்டு ஓடும்போது இந்தப் பெயர்கள் உங்கள் கண்ணில் படுவதில்லை, தேடித்தான் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பாட்டு, ஆண்டு, எழுதியவர், பீட் செய்தவர், எந்தப் பழைய தட்டிலிருந்து எடுத்தது, எந்த ஊர்.

வருகிற சனிக்கிழமை ஆறு மணிக்கு ‘3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ முழுசாகக் கேட்கிறோம். போனைப் படிக்கட்டுக் கூடையில் போட்டுவிட்டு மேலே வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது. கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவரும் வருகிறார்.